காற்றில்லா டயர்: பாலம் கடக்கும் மோட்டாருக்கு எப்போது வரும்?

கேள்வி, 14 ஜூன் 2025

வணக்கம். பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில்தான் பினாங்குப் பாலம் கடக்கிறேன். போன வாரம் பாலத்தின் நடுவில் பின் டயர் போய்விட்டது. மழை வேறு. காற்றே இல்லாத டயர் வந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடத்தில் எல்லா வண்டிக்கும் அதுதான் என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்கிறார்கள். எங்கே அது? சும்மா விளம்பரமா?

14 ஜூன், இரவு

வெறும் விளம்பரம் இல்லை. பொருள் இருக்கிறது, ஓடுகிறது, பக்கத்தில் சிங்கப்பூரிலேயே ஓடியிருக்கிறது. ஆனால் உங்கள் மோட்டாருக்கு அது கடைசியாகத்தான் வரும் என்பது என் கணிப்பு. பஞ்சரால் அதிகம் அவதிப்படுகிறவர்தான் வரிசையின் கடைசியில் நிற்கிறார். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன், கண் சொருகுகிறது.

பேசுவது யார் என்று தெரிய வேண்டுமே: பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், வேன், டிரெய்லர் எல்லாவற்றின் பராமரிப்பும் என் தலையில். டயர் விற்கிறவன் இல்லை, வாங்கி வாங்கி நொந்தவன்.

15 ஜூன்

நீங்கள் பள்ளியில் படித்தபோது கேள்விப்பட்டது பெரும்பாலும் மிஷ்லின் டயர் கம்பெனியின் 'ட்வீல்' ஆக இருக்கும். 2005-இல் காட்டினார்கள். டயரும் சக்கரமும் ஒரே துண்டு, நடுவில் காற்றுக்குப் பதில் பாலியூரித்தேன் ஆரக்கால்கள். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அதிர்வும் இரைச்சலும் வந்ததால் அது காருக்குப் போகவில்லை. கட்டுமானத் தளத்தில் மண் அள்ளும் ஸ்கிட் ஸ்டீயர், புல்வெட்டும் வண்டி இவற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே நன்றாகவே விற்றிருக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அதற்கென்றே ஆலை திறந்தார்கள்.

இன்னொரு டயர் கம்பெனியான பிரிட்ஜ்ஸ்டோன் தன் பங்குக்கு 2011 டோக்கியோ கண்காட்சியில் ஒன்றைக் காட்டியது. பிறகு 2019-இல் மிஷ்லினும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'அப்டிஸ்' என்ற காற்றில்லா டயரை அறிவித்தார்கள். இலக்கு 2024, பயணிகள் காரில். 2024 வந்தது, போனது. டயர் கடைக்குப் போய் நான்கு கேட்டு வாங்க இன்னும் வழியில்லை.

ஆனால் அதே அப்டிஸ் 2023-இல் சிங்கப்பூரில் டிஎச்எல் எக்ஸ்பிரஸ் கூரியர் வேன்களில் ஏறியது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். 2024-இல் பிரான்ஸ் நாட்டு அஞ்சல் வேன்களிலும் ஏறியது. கார் விளம்பரத்தை விட்டுவிட்டு இந்த வேன்களைக் கவனியுங்கள்.

15 ஜூன், மாலை

"நைட்ரஜன் அடித்தால் பஞ்சர் ஆகாதாமே, நாலு டயருக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்" என்று ஒரு அன்பர் கேட்டிருக்கிறார். ஐயா, நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விமான டயருக்கு நைட்ரஜன் அடிப்பதற்கு நியாயம் இருக்கிறது: ஈரம் கூடாது, சூடான பிரேக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் கூடாது. உங்கள் மைவி கார் ஓடுதளத்தில் இறங்கப் போவதில்லை.

17 ஜூன்

ஆரக்கால் டயர் எப்படி எடை தாங்குகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இது கொஞ்சம் நீளும்.

முதலில் இப்போது இருப்பதைப் பார்ப்போம். ஆளேறிய சிறிய காரில் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோ என்று வையுங்கள். காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் தரையில் படும் இடம் சுமார் 130 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவு. பின்னால் மாமியாரும் அரிசி மூட்டையும் ஏறினால் டயர் இன்னும் கொஞ்சம் சப்பையாகிறது, படும் இடம் பெருகுகிறது, கணக்கு தானாகச் சரியாகிவிடுகிறது. காற்றின் அருமை இதுதான். எடை இல்லை, வளைந்து வளைந்து களைப்பதும் இல்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடித்ததிலிருந்து இன்றுவரை அதை அசைக்க முடியாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. (டன்லப்புக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதனால் டன்லப்பின் காப்புரிமை பிறகு செல்லாமல் போனது. பாவம்.)

இப்போது ஆரக்கால். "கீழே இருக்கும் ஆரக்கால் நசுங்குகிறதே, ஒடிந்துவிடாதா" என்பதுதான் எல்லோருடைய சந்தேகமும். ட்வீல் வகையில் கீழே இருப்பவை தாங்குவதே இல்லை. மடங்கிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. எடையைப் பிடித்திருப்பவை மேல்பக்கத்து ஆரக்கால்கள். அவற்றிலிருந்து அச்சு தொங்குகிறது. அவை எதைப் பிடித்துத் தொங்குகின்றன? ட்ரெட்டுக்கு, அதாவது தரையைத் தொடும் மேல் ரப்பருக்கு, உள்ளே ஒரு வளையம் சுற்றி ஓடுகிறது. நீளாத இரண்டு அடுக்கு, நடுவில் நெகிழ்கிற ஓர் அடுக்கு. தரையில் படும் இடத்தில் அந்த வளையம் தட்டையாகும்போது நடு அடுக்கு வளையத்தின் நீளவாக்கில் சறுக்கிக் கொடுக்கிறது. அதனால் அழுத்தம் ஒரே புள்ளியில் குத்தாமல் பரவுகிறது. காற்று சும்மா செய்ததை இந்த வளையம் பாடுபட்டுச் செய்கிறது.

அந்த உழைப்புக்கு விலை உண்டு. சிறிய கார் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் 110-இல் போனால் விநாடிக்கு 17 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஆரக்காலும் ஒருமுறை மடங்கி நிமிர வேண்டும். மடங்கும் பொருள் சூடாகும். கூடவே சத்தம்: ஆரக்கால் 60 என்று வைத்துக்கொண்டால், 80-இல் போகும்போது விநாடிக்கு எழுநூறு தடவைக்கு மேல் ஒரு கால் தரையைத் தொட்டுப் போகிறது. அது காதுக்கு நன்றாகவே கேட்கும் ஸ்வரம். பழைய ட்வீல் பாடியது இந்தப் பாட்டைத்தான். அப்டிஸில் ஆரக்காலுக்கு ரப்பரும் கண்ணாடி இழை கலந்த பிசினும் போட்டு இதைப் பெருமளவு அடக்கியிருக்கிறார்கள்.

17 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

மாமியார் உதாரணத்துக்கு என் மனைவி கண்டனம் தெரிவித்திருக்கிறார். அரிசி மூட்டை மட்டும் என்று வாசிக்கவும்.

19 ஜூன்

"காற்றில்லா டயர் புதுசா என்ன, ஃபோர்க்லிஃப்டில் இல்லையா" என்று ஜூருவிலிருந்து ஒரு நண்பர். சரியான கேள்வி. கெட்டி ரப்பர் டயர், நாங்கள் சாலிட் என்போம், என் கிடங்கில் எல்லா ஃபோர்க்லிஃப்டுக்கும் அதுதான். பலகை ஆணி, ஸ்டேப்பிள் கம்பி, உடைந்த பேலட் சில்லு எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கும், ஒன்றும் ஆகாது. உணவுப் பொருள் பிரிவில் தரையில் கறுப்புக் கோடு விழக்கூடாது என்று வெள்ளை நிறத்தில் போடுகிறோம். பக்கவாட்டில் '60 ஜே' என்று ஒரு கோடு இருக்கும். தேய்ந்து அந்தக் கோட்டைத் தொட்டால் கழற்றிவிட வேண்டும். பிரஸ் வைத்த லோரி வரும், பழையதைத் தள்ளிப் புதியதை ரிம்மில் அழுத்தி ஏற்றிவிட்டுப் போகும். பஞ்சர் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் ஏன் உலகம் முழுக்க அதையே போடவில்லை? எங்கள் ஓட்டுநர்களின் இடுப்பைக் கேளுங்கள். வாசலில் ஒரு சின்ன மேடு இருந்தது. அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக முதுகெலும்புக்குப் போகும். சிமெண்டு பூசி அந்த மேட்டைச் சரிவாக்கிய பிறகுதான் மருந்து எண்ணெய் வாசனை குறைந்தது.

இன்னொன்று சூடு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் லோரி பற்றாக்குறை என்று ஃபோர்க்லிஃப்டையே இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் சரக்கு இழுக்க விட்டார்கள். தொழிற்பேட்டைச் சாலை, நல்ல வெயில், சுமையோடு போவதும் வருவதுமாக நாள் முழுக்க. கெட்டி ரப்பர் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், வெளியே தொட்டால் தெரியாது. மாலையில் ஒரு டயரின் உட்புறம் உருகிப் பிசினாகி, வெளி அடுக்கு தோலுரிந்தாற்போல் கழன்றது. இது மெதுவாக, குட்டை தூரம் ஓடுவதற்கான டயர் என்பதை மேலாளருக்கு அன்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆரக்கால் டயரின் முயற்சி இந்த இரண்டுக்கும் நடுவில்: கெட்டி ரப்பரின் தைரியம் வேண்டும், காற்றின் மென்மையும் வேண்டும்.

20 ஜூன்

நிலாவுக்குப் போய்விட்டது விவாதம். "நாசா நிலாவில் காற்று டயர் பயன்படுத்தவே இல்லை, அவர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. 1971-இல் அப்போலோ 15 கொண்டுபோன வண்டியின் சக்கரம் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியில் பின்னிய வலை, மேலே டைட்டானியம் பட்டைகள். காற்று இல்லை. ஆனால் அதே ஆண்டு அதற்கு முன்பு போன அப்போலோ 14 ஒரு தள்ளுவண்டி கொண்டுபோனது. கருவிகளை வைத்துக் கையால் இழுத்துப் போகிற வண்டி. அதற்கு நைட்ரஜன் அடைத்த ரப்பர் டயர். நிலாவில் பஞ்சர் ஒட்ட ஆள் இல்லாதபோதும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செவ்வாயில் நாசாவின் கியூரியாசிட்டி வண்டியின் சக்கரம் அலுமினியம். 2012-இல் இறங்கியது, அடுத்த ஆண்டே கூர்மையான பாறையில் ஓட்டை விழத் தொடங்கியது. பிறகு போன பெர்சிவரன்சுக்குத் தகட்டைக் கனமாக்கினார்கள். காற்றில்லை என்றால் சேதமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போலோ வண்டி மணிக்குப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் போனது, அதுவும் பூமி எடையில் ஆறில் ஒரு பங்கோடு. ஜாலான் மஸ்ஜித் நெகிரி சாலைக் குழிகளில் அதை ஓட்டிக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

22 ஜூன்

சரி, மோட்டார்.

காரின் டயர் தரைக்கு நேராக நிற்கிறது, ட்ரெட் தட்டை. மோட்டார் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வளைவாக இருக்கும். வளைவில் நீங்கள் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்கிறது. காற்று எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே பிடி. ஆரக்கால் சக்கரம் மேலிருந்து கீழே வரும் சுமைக்குக் கட்டப்பட்டது. சாய்ந்த சுமையிலும் அதே நெகிழ்வு, அதே பிடி, பக்கவாட்டில் தள்ளாடாத உறுதி எல்லாம் வேண்டும் என்றால் கட்டுமானமே வேறு. காரில் ஒரு சக்கரம் சற்றுப் பிசகினால் மற்ற மூன்று இருக்கின்றன. மோட்டாரில் பிசகினால் ஆள் தரையில். பாலத்தின் நடு உயரத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது முன் சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

எடையும் ஒரு பிரச்சினை. காப்சாய் என்கிற சிறிய மோட்டாரின் சக்கரம் லேசானது. அதில் இரண்டு மூன்று கிலோ கூட்டினாலே ஸ்பிரிங்குக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும்.

23 ஜூன்

"சைக்கிளுக்கு நுரை டயர் இருக்கிறதே, வாடகைச் சைக்கிளில் பார்த்தேன்" என்ற பதிலுக்கு: இருக்கிறது. அந்தச் சைக்கிளை எஸ்பிளனேடில் மிதித்துப் பார்த்தவர்கள் கைதூக்குங்கள். இரண்டாவது முறை மிதித்தவர்கள் மட்டும் தூக்கியே வைத்திருங்கள்.

26 ஜூன்

சாய்வு, எடை என்று 22-ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். தப்பில்லை, ஆனால் அது மட்டும் காரணமாக எனக்கு இப்போது படவில்லை. பணத்தைக் கொடுத்தால் பொறியாளர்கள் சாய்வையும் சமாளிப்பார்கள். கொடுக்கப் போவது யார்?

என் வேனுக்குப் பஞ்சர் ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். ஒட்டுவதற்குப் பத்துப் பதினைந்து வெள்ளி. அது ஒன்றுமில்லை. ஓட்டுநர் நிற்கிறார், உதவியாள் நிற்கிறான், வேனில் இருக்கும் பொட்டலம் எல்லாம் தாமதம், வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துகிறார், இன்னொரு வேனை அனுப்ப வேண்டும். இதெல்லாம் கம்பெனிக் கணக்கில் செலவாக விழுகிறது. அதனால் கம்பெனி ஒரு டயருக்கு இரண்டு மடங்கு விலை கேட்டாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும். பஞ்சர், சாலைச் சேதம், சரியில்லாத காற்றழுத்தம் இவற்றால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கோடி டயர் காலத்துக்கு முன்பே குப்பைக்குப் போகிறது என்று மிஷ்லின் அப்டிஸை அறிவித்தபோது சொன்னது. அந்தக் கணக்கைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறவர் என்னைப் போன்ற கிடங்குக்காரர்.

மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் தம்பிக்குப் பஞ்சர் ஆனால்? மோட்டார் அவனுடையது. டயர் அவனுடையது. தள்ளிக்கொண்டு நடக்கும் ஒரு மணி நேரமும் அவனுடையது. அந்த ஒரு மணி நேரம் யாருடைய கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. பாயான் லெப்பாஸ் ஆலைக்குத் தாமதமாகப் போனால் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், டயர் கம்பெனிக்கு அதில் ஒரு காசு கிடைக்காது. காப்சாய் டயர் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. அதை எந்தக் கம்பெனி மூன்று மடங்கு விலையில் கொண்டுவரும், வந்தால் யார் வாங்குவார்?

வாடகைக்கு விடும் மின்சார மோட்டார் சைக்கிள்கள் பெருகி, வண்டி கம்பெனிக்குச் சொந்தம் என்று ஆனால் கதை மாறலாம். பஞ்சர் செலவு அப்போது கம்பெனி தலையில். மோட்டார் பக்கம் ஏதாவது நடக்கும் என்றால் அந்த வழியாகத்தான்.

28 ஜூன்

"எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காற்றில்லா டயர் வந்தால் ரப்பருக்கு இருக்கும் கொஞ்ச மதிப்பும் போய்விடுமா?" சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு தங்கை.

போகாதும்மா. ஆரக்கால்தான் வேறு பொருள், தரையைத் தொடும் ட்ரெட் ரப்பர்தான். அந்த இடத்துக்கு ரப்பரை விட்டால் சரியான பொருள் இன்னும் இல்லை. உலகத்து இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குத்தான் போகிறது. அதிலும் லோரி, விமானம் மாதிரி கனமான சுமை உள்ள டயரில் இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரில் குறைவு. ஆரக்கால் டயர் லோரியை எட்டிப்பார்க்கவும் வெகுகாலம் ஆகும். 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடித்துத் தாங்கும் சுமையை ஆரக்காலில் ஏற்றி நெடுஞ்சாலை வேகத்தில் விடுவது வேறு அளவு சூடு.

குவாலா கங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளுக்குப் பதினோரு ஆண்டு கழித்து டன்லப் டயர் வந்தது. கார் பெருகப் பெருகத் தோட்டம் பெருகியது, நம் ஆட்கள் கப்பலேறினார்கள். பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறியது டயர் மாறியதால் இல்லை, விலையும் கூலியும்தான். ஷா ஆலமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் ஆலை 2024-இல் மூடியதற்கும் ஆரக்காலுக்கும் சம்பந்தமில்லை. இந்த நாட்டில் இன்று ரப்பர் என்றால் முதலில் கையுறை, அதற்கான ரப்பர் பாலில் பெரும்பகுதி வெளியே இருந்து வருகிறது. தாத்தா கேட்டால் சிரிப்பார்.

30 ஜூன்

சட்டம் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கார் டயருக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 30-இன் தலைப்பிலேயே 'காற்றடைத்த டயர்' என்று இருக்கிறது. மலேசியா 2006-இல் அந்த உடன்பாட்டில் சேர்ந்த நாடு. டயர் பக்கவாட்டில் வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் எண்ணும் பார்த்திருப்பீர்கள். எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும், நமக்கு 52. சோதனை முறைகள் காற்றை வைத்தே எழுதப்பட்டவை. காற்றே இல்லாத ஒன்றுக்கு எந்த அழுத்தத்தில் வைத்துச் சோதிப்பது? வேன் ஓட்டம் போன்ற சிறிய சோதனைகளுக்குத் தனி அனுமதி வாங்கிவிடலாம். கடையில் விற்க விதியைத் திருத்த வேண்டும். இதற்கு ஆண்டுகள் ஆகும், யாரும் வீடியோ போட மாட்டார்கள்.

3 ஜூலை

ஸ்பேர் டயரும் ஜாக்கும் இல்லாமல் போனால் மின்காருக்கு நல்லதுதானே என்றவருக்கு: நல்லதுதான். ஆனால் ட்ரெட் தேய்ந்தபின் என்ன? ஆரக்கால் இன்னும் பல ஆண்டு வரும், மேல் ரப்பர் மட்டும் போயிருக்கும். மின்கார் கனம் அதிகம், டயரைச் சீக்கிரம் தின்னும். மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டிக் கொடுக்கும் வசதி ஊருக்கு ஊர் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும், இல்லாவிட்டால் சக்கரத்தையே முழுதாக மாற்ற வேண்டும். டயர் கடைக்கார அண்ணன்கள் பயப்பட வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறேன், வேலை மாறும், போகாது.

ஆரக்கால் இடுக்கில் கல்லும் சேறும் போவதைப் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். போகும். சுழற்சியில் பெரும்பாலும் வெளியே விழும். களிமண் அப்பிக் காய்ந்தால் சக்கரம் சமனிழந்து ஆடும். பாலிக் புலாவ் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள் வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளட்டும்.

5 ஜூலை

ஜூரு நண்பர் திரும்ப வந்து, அவருடைய பழைய இரும்புக் களத்தில் ஓடும் ஸ்கிட் ஸ்டீயருக்கு ஆரக்கால் டயர் போடலாமா என்கிறார். போடலாம். இந்த மொத்த விவாதத்தில் தயங்காமல் ஆமாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்: வேகம் குறைவு, தரையெல்லாம் கூர் இரும்பு, வண்டி நின்றால் களமே நிற்கும். ஆனால் இரும்புச் சீவல் நீளமாகச் சுருண்டு கிடக்கும் இடமா என்று முதலில் பாருங்கள், அது ஆரக்காலைச் சுற்றிக்கொண்டு அறுக்கும். அப்படியானால் கெட்டி டயரே போதும், விலையும் குறைவு. வண்டியின் எடை, ரிம்மில் எத்தனை போல்ட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். விலை கேட்டுச் சொல்கிறேன்.